கணவாயின் நரம்பைக் கணினியில் கட்டியபோது

நரம்பில் ஓடும் துடிப்பைக் கணக்காக எழுதிக் காட்டிய ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரியை, தயாராகக் கிடைக்கும் நரம்பு மென்பொருள் எதையும் தொடாமல், பைத்தான் என்ற நிரல்மொழியில் வெறும் சமன்பாடுகளிலிருந்து கட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மொத்தமே நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள்தான். ஒரு மாலைப் பொழுதில் முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஐந்து வார இறுதிகள் ஆயின.

ஓடாமல் பாதியில் நின்ற நிரல் அவ்வளவாகப் படுத்தவில்லை. எந்த வரியில் நின்றது என்று கணினியே சொல்லிவிடும். ஒழுங்காக ஓடி, பார்க்க அழகான வளைவையும் வரைந்துவிட்டு, உள்ளே ஒரு எண் தப்பாக இருந்ததே, அதைக் கண்டுபிடிக்கத்தான் நாட்கள் போயின. அந்தத் தப்புகளை ஒவ்வொன்றாக எப்படிப் பிடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதிரியைப் பற்றிக் கொஞ்சம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-ல் வெளியிட்டது. கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு ராட்சத நரம்பிழை உண்டு. உள்ளே மெல்லிய கம்பியையே செலுத்திவிடலாம். அந்த இழையின் சவ்வை அவர்கள் ஒரு மின்சுற்றாகப் பார்த்தார்கள். சவ்வு ஒரு மின்தேக்கி. அதன் குறுக்கே சோடியத்துக்கு ஒரு பாதை, பொட்டாசியத்துக்கு ஒரு பாதை, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கசிவுப் பாதை.

மின்தேக்குத் திறன் × மின்னழுத்தம் மாறும் வேகம் = வெளியிலிருந்து தரும் மின்னோட்டம் − சோடியம் மின்னோட்டம் − பொட்டாசியம் மின்னோட்டம் − கசிவு மின்னோட்டம்

ஒவ்வொரு பாதையிலும் ஓடும் மின்னோட்டம், கடத்துதிறனை (மின்னழுத்தம் − அந்தப் பாதையின் சமநிலை மின்னழுத்தம்) என்பதால் பெருக்கினால் வரும். சமநிலை மின்னழுத்தம் என்பது அந்தப் பாதையில் மின்னோட்டம் நின்றுவிடும் மின்னழுத்தம். கசிவின் கடத்துதிறன் மாறாதது, 0.3. மற்ற இரண்டும் வாயில்களைப் பொறுத்தவை. சோடியத்துக்கு 120 × திறப்பு³ × அடைப்பு. பொட்டாசியத்துக்கு 36 × வாயில்⁴. வாயில் ஒவ்வொன்றும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண். அடைப்பு வாயில் 1 என்றால் அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். பெயரைப் பார்த்து நான் பல முறை குழம்பியிருக்கிறேன். வாயில் மாறும் வேகம் = ஆல்ஃபா × (1 − வாயில்) − பீட்டா × வாயில். ஆல்ஃபா வாயில் திறக்கும் வீதம், பீட்டா மூடும் வீதம். மூன்று வாயில்களுக்கும் ஆளுக்கு ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா என ஆறு சூத்திரங்கள். ஆறும் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறும். மாதிரியின் உயிரே இந்த ஆறில்தான் இருக்கிறது.

அலகுகளில் சிக்கல் வரவில்லை. மில்லிவோல்ட், மில்லிநொடி, சதுர சென்டிமீட்டருக்கு மைக்ரோஃபேரட், மில்லிசீமன்ஸ், மைக்ரோஆம்பியர் என்று எடுத்துக்கொண்டால் எங்கும் 1000-ஆல் பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம், தானாகவே பொருந்தும். மின்தேக்குத் திறன் 1.

சிக்கல் குறியில் வந்தது. 1952 கட்டுரையில் மின்னழுத்தத்தை ஓய்வு நிலையிலிருந்து அளக்கிறார்கள். அதுவும் இன்று நாம் எழுதுவதற்கு எதிர்த் திசையில். அங்கே சோடியத்தின் சமநிலை −115, பொட்டாசியத்தினுடையது +12, கசிவினுடையது −10.613. நான் ஆறு சூத்திரங்களையும் கட்டுரையில் இருந்தபடியே எடுத்தேன், ஆனால் இந்த மூன்று எண்களை மட்டும் இன்றைய வழக்கப்படி குறி மாற்றிப் போட்டேன். நிரல் ஓடியது. தூண்டல் மின்னோட்டம் கொடுத்தால் மின்னழுத்தம் மெல்ல ஏறும், அவ்வளவுதான், துடிப்பு வராது. தூண்டல் போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டிக்கொண்டே போனேன். ஓய்வு நிலையையும் சரிபார்த்தேன், அது துல்லியமாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. ஓய்வில் மின்னழுத்தம் பூஜ்யம், பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. அந்த ஒரு புள்ளியில் இரண்டு வழக்கங்களும் ஒரே விடையைத் தரும்.

சரி, எல்லாவற்றையும் இன்றைய வழக்கத்துக்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஓய்வு −65, சோடியம் 50, பொட்டாசியம் −77, கசிவு −54.387. ஆறு சூத்திரங்களிலும் மின்னழுத்தத்துக்குப் பதில் அதன் மாற்று வடிவத்தைப் போட்டுக் காகிதத்தில் சுருக்கி எழுதினேன். மறுபடி ஓட்டினேன். துடிப்பு வந்தது! கிட்டத்தட்ட +40 வரை எழுந்து, ஓய்வு நிலைக்கும் கீழே இறங்கி, மெல்ல மேலேறி நின்றது. பாடநூலில் பார்த்த அதே உருவம். அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வரைபடத்தை உற்றுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. தூண்டல் கொடுப்பதற்கு முன்பே கோடு −65-லிருந்து கொஞ்சம் மேலே நகர்ந்திருந்தது. தொடக்கத்தில் நிலைகொள்ள நேரம் எடுக்கிறது என்று முந்தின நாள் அதைத் தள்ளிவிட்டிருந்தேன். ஆனால் −65-ல் வாயில்களின் நிலைத்த மதிப்புகளையே தொடக்கமாகக் கொடுத்திருக்கும்போது நகரவே கூடாது. எனவே ஓய்வு நிலையின் மூன்று மின்னோட்டங்களையும் தனித்தனியாகக் கையால் கணக்கிட்டேன். திறப்பு 0.053, அடைப்பு 0.596, பொட்டாசியம் வாயில் 0.318. பொட்டாசியம் வெளியே 4.40, சோடியம் உள்ளே 1.22, கசிவு உள்ளே 3.18. கூட்டினால் பூஜ்யம். கசிவுக்கு 10.613 என்ற விநோதமான எண் எதற்கு என்று முன்பு யோசித்திருக்கிறேன். ஓய்வில் இந்தக் கூட்டல் பூஜ்யமாக வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த எண் அது.

என் நிரலிலோ கூட்டல் −0.23 என்று வந்தது. பொட்டாசியமும் கசிவும் சரியாக இருந்தன, சோடியம்தான் 1.44. அடைப்பு வாயில் 0.596 இருக்க வேண்டிய இடத்தில் 0.705. அதன் பீட்டா சூத்திரத்தில் கட்டுரையின் 30 என்ற எண், மாற்றி எழுதும்போது 35 ஆகியிருக்க வேண்டும். நான் 30 என்றே விட்டிருந்தேன். ஒரே ஓர் இலக்கம். அந்தத் தப்பான எண்ணோடும் மாதிரி துடித்தது, மேலே எழுந்தது, கீழே இறங்கியது. வளைவை மட்டும் பார்த்திருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் முழு மாதிரியையும் ஓட்டி, படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டேன். ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பிரித்துச் சோதிப்பது என்று தீர்மானித்தேன். ஆனால் நான்கு சமன்பாடுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மின்னழுத்தம் வாயிலை மாற்றும், வாயில் கடத்துதிறனை மாற்றும், கடத்துதிறன் திரும்ப மின்னழுத்தத்தை மாற்றும். எங்கே வெட்டிப் பிரிப்பது?

இதே கேள்விதான் ஹாட்ஜ்கினுக்கும் ஹக்ஸ்லிக்கும் ஆய்வு மேசையில் இருந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது வோல்டேஜ் கிளாம்ப். மின்னணுச் சுற்று ஒன்றின் உதவியால் சவ்வின் மின்னழுத்தத்தை ஓரிடத்தில் அசையாமல் பிடித்து வைத்து, அப்படி வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று அளப்பது. மின்னழுத்தம் அசையாவிட்டால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். அப்புறம் கடல்நீரில் இருக்கும் சோடியத்துக்குப் பதில், அந்தப் பாதையில் நுழையாத கோலின் என்ற பொருளை வைத்தால் சோடியத்தின் பங்கும் தனியே பிரிந்துவிடும்.

நிரலில் இது இன்னும் சுலபம். மின்னழுத்தத்தின் சமன்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மாறாத எண்ணை வைத்தால் போதும். ஆல்ஃபாவும் பீட்டாவும் மாறிலிகள் ஆகிவிடும். வாயிலின் சமன்பாட்டுக்குக் காகிதத்திலேயே துல்லியமான விடை உண்டு: நிலைத்த மதிப்பை நோக்கி அடுக்குக்குறி வளைவாகப் போகும், அதன் கால அளவு 1 ÷ (ஆல்ஃபா + பீட்டா). ஓய்வு மின்னழுத்தத்தில் சோடியம் திறப்புக்கு 0.24 மில்லிநொடி, அடைப்புக்கு 8.5, பொட்டாசியம் வாயிலுக்கு 5.5. துடிப்பு ஏன் எழுகிறது, ஏன் அடங்குகிறது என்பதன் பாதி விடை இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது. திறப்பது வேகம், அடைப்பதும் பொட்டாசியம் திறப்பதும் நிதானம்.

−100 முதல் +50 வரை பத்துப் பத்தாகப் பிடித்து வைத்து, நிரலின் விடையையும் காகிதத்தின் விடையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். −40-ல் வரைபடம் காலி. 'எண் அல்ல' என்று காட்டியது. சோடியம் திறப்பின் ஆல்ஃபா சூத்திரத்தில் அந்த இடத்தில் மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். பொட்டாசியம் ஆல்ஃபாவுக்கு −55-ல் இதே கதை. சாதாரணமாக ஓட்டும்போது மின்னழுத்தம் சரியாக −40.000 என்ற இடத்தில் வந்து நிற்பதில்லை, அதனால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. எல்லை மதிப்பு முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 0.1. அந்தப் புள்ளிக்கு அதை நேரடியாகக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றிய இடங்களுக்கு நம்பை என்ற பைத்தான் கணித நூலகத்தின் எக்ஸ்பிஎம்1 செயற்கூற்றைப் பயன்படுத்தினேன். அடுக்குக்குறிச் சார்பிலிருந்து 1-ஐக் கழிக்கும்போது இலக்கங்கள் கரைந்து போகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கிளாம்ப் சோதனை இன்னொன்றையும் பிடித்தது. இந்தச் சூத்திரங்கள் எல்லாம் 6.3 டிகிரி செல்சியஸுக்கானவை. வேறு வெப்பநிலைக்குப் போக வேண்டும் என்றால் எல்லா ஆல்ஃபா, பீட்டாக்களையும் ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 10 டிகிரிக்கு 3 மடங்கு என்ற கணக்கு. 18.5 டிகிரிக்கு அது 3.82 வரும். அந்த வெப்பநிலையில் பிடித்து வைத்து வரைந்தபோது சோடியம் வளைவுகள் இரண்டும் வேகமாயின, பொட்டாசியம் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. காரணியை அதற்குப் பெருக்கவே இல்லை. 6.3-ல் காரணி 1 என்பதால் அதுவரை எந்தச் சோதனையிலும் இது தட்டுப்படவில்லை. (துடிப்பு இழையில் ஓடும் வேகத்தை அவர்கள் இருவரும் கணக்கிட்டது இதே 18.5 டிகிரிக்குத்தான், கணக்கு நொடிக்கு 18.8 மீட்டர், அளந்தது 21.2. கிளாம்பில் எடுத்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஓடும் துடிப்பின் வேகத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.)

அடுத்தது காலப் படி, அதாவது ஒவ்வொரு கணக்கிலும் நேரத்தை எவ்வளவு முன்னே நகர்த்துவது என்பது. முதலில், இப்போதைய வேகத்தைப் படியின் அளவால் பெருக்கிக் கூட்டும் ஆய்லர் முறையில் 0.1 மில்லிநொடிப் படி வைத்து ஓட்டினேன். மின்னழுத்தம் +50-ஐத் தாண்டிக் குதித்து, கீழே விழுந்து, மறுபடி குதித்தது. இது நடக்கவே முடியாதது. வெளியிலிருந்து மின்னோட்டம் தராதபோது மின்னழுத்தம் பொட்டாசியத்தின் −77-க்கும் சோடியத்தின் +50-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். துடிப்பின் உச்சியில் சோடியம் கடத்துதிறன் பத்துக் கணக்கில் ஏறிவிடும். அப்போது மின்னழுத்தம் மாறும் கால அளவு 0.03 மில்லிநொடிக்கு அருகே வந்துவிடுகிறது. 0.1 என்பது அதற்குப் பெரிய படி. 0.01-க்குக் குறைத்தேன். பிறகு 0.005, பிறகு 0.0025 என்று பாதி பாதியாகக் குறைத்து, துடிப்பு எழும் நேரம் நகர்கிறதா என்று பார்த்தேன். நகர்வு ஒவ்வொரு முறையும் பாதியானது. ஆய்லர் முறை அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். வெளி மின்னோட்டம் இல்லாத நேரத்தில் −77, +50 என்ற அந்த எல்லைகளை மீறினால் நிரல் உடனே நின்றுவிடும்படி ஒரு வரியும் சேர்த்தேன்.

இங்கே ஒரு நல்ல உத்தியும் கிடைத்தது. ஒவ்வொரு சிறு படிக்குள்ளும் மின்னழுத்தம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, வாயில்களைக் கிளாம்ப் சோதனையின் அதே துல்லியமான அடுக்குக்குறி விடையால் முன்னே நகர்த்துவது. ரஷ்–லார்சன் முறை என்பார்கள், 1978-ல் வந்தது, இதயத் தசை மாதிரிகளில் நிறையப் பயன்படுகிறது. வாயில்கள் இதில் 0-க்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ ஒருபோதும் போகாது. சோதனைக்காக எழுதி வைத்திருந்த வரிகளையே மாதிரிக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஹக்ஸ்லி இவற்றையெல்லாம் பிரன்ஸ்விகா என்ற கைப்பிடி சுற்றும் கணக்கு எந்திரத்தில் செய்தார். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஓடும் துடிப்பைக் கணக்கிட மட்டும் அவருக்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்துத் தரும் சால்வர் ஒன்றுக்கு, சைபை என்ற பைத்தான் நூலகத்தின் சால்வ் ஐவிபி செயற்கூற்றுக்கு, மாறினேன். படியின் அளவை அதுவே தேர்ந்தெடுக்கும். தீர்க்கும் முறைகளில் எல்சோடா என்பதைக் கொடுத்தேன். தொடக்கத்தில் 50 மில்லிநொடி அமைதி, பிறகு அரை மில்லிநொடிக்கு ஒரு பலமான தூண்டல், பிறகு மறுபடி அமைதி. விடையாக ஒரு நேர்கோடு வந்தது. துடிப்பே இல்லை. பழைய ஆய்லர் நிரலில் அதே தூண்டலுக்கு ஒழுங்காகத் துடிக்கிறது. ஒரு முழு நாள் சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எல்லாம் சரி. கடைசியில் சால்வர் எடுத்த நேரப் புள்ளிகளை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஓய்வில் எதுவும் மாறாததால் அது படியைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரே எட்டில் தூண்டலுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டிவிட்டது. நடுவில் தூண்டல் என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. மேக்ஸ் ஸ்டெப் என்ற எல்லையைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் தூண்டல் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டிலும் வெட்டி, மூன்று துண்டுகளாக ஓட்டுவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. மாதிரியில் ஒன்று திடீரென மாறும் இடத்தில் சால்வரை நிறுத்தி மறுபடி தொடங்குவது நேர்மையான வழி.

இதற்கு மேல்தான் நியூரான் என்ற மென்பொருளோடு ஒப்பிட்டேன். ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சவ்வு அதில் எச்எச் என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது. அதன் மூலக் கோப்பைத் திறந்தபோது, நான் −40-ல் பட்ட பாட்டுக்கு அவர்கள் விட்ராப் என்றே தனியாக ஒரு செயற்கூறு வைத்திருந்ததைப் பார்த்து மனசு லேசானது. அலகில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே கடத்துதிறன் சீமன்ஸில், அதனால் 120 இல்லை, 0.12. தூண்டலும் மொத்தமாக நானோஆம்பியரில். சவ்வின் பரப்பு 10,000 சதுர மைக்ரோமீட்டர் என்றால் என்னுடைய 10 மைக்ரோஆம்பியர் அங்கே 1 நானோஆம்பியர். எல்லாம் பொருத்தியபின் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஓய்வு நிலையில் மட்டும் ஒரு மில்லிவோல்ட்டின் நூற்றில் சில பங்கு வித்தியாசம். முன்பு ஒருமுறை ஏமாந்திருந்ததால் இதை விட மனம் வரவில்லை. தேடிப் பார்த்தால் அவர்களுடைய கசிவுச் சமநிலை −54.3, என்னுடையது −54.387. என் எண்ணை அங்கே போட்டதும் அதுவும் மறைந்தது.

பகுதிகள் ஒவ்வொன்றும் சரி என்று தெரிந்தபின், மாதிரி விநோதமாக ஏதாவது செய்தால் அதை நம்பிக் கேட்க முடிகிறது. இரண்டு முறை அப்படி நடந்தது. எதிர்த் திசையில், −12 மைக்ரோஆம்பியரை 40 மில்லிநொடிக்குக் கொடுத்து மின்னழுத்தத்தை −95 அருகே அமுக்கி வைத்தேன். கையை எடுத்ததும் ஒரு முழுத் துடிப்பு எழுந்தது. அமுக்கியதற்கு அமைதியாகத்தானே இருக்க வேண்டும்? பிழை என்றுதான் முதலில் தோன்றியது. வாயில்களை வரைந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது: அமுக்கி வைத்த நேரத்தில் அடைப்பு வாயில் முழுவதும் விலகிவிட்டது, பொட்டாசியம் வாயில் கிட்டத்தட்ட மூடிவிட்டது. விட்டதும் சோடியத்தைத் தடுக்க ஆளில்லை. உண்மையான கணவாய் நரம்பும் இதைச் செய்கிறது. 1952 கட்டுரையிலேயே இந்த வரைபடம் உண்டு.

இரண்டாவது, மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி, எப்போது தொடர்ந்து துடிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தபோது. ஒரு தடவை 6-க்குச் சற்று மேலேயே தொடங்கியது. இன்னொரு தடவை 10-க்குக் கொஞ்சம் முன்பு வரை அமைதியாகவே இருந்தது. இரண்டாவது நிரலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தொடக்க நிலையைத் திரும்ப வைக்க மறந்திருந்தேன். முந்தைய ஓட்டம் முடிந்த இடத்திலிருந்தே அடுத்தது தொடங்கியது. மறதி என்னுடையதுதான், ஆனால் அந்த விடை பொய்யில்லை. நடுவில் உள்ள மின்னோட்டங்களில், 8 என்று வையுங்கள், மாதிரிக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது. மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தால் அமைதி. திடீரென்று கொடுத்தால் ஓயாத துடிப்பு.

அப்படியானால் துடித்துக்கொண்டிருப்பதை ஒரு சிறு தூண்டலால் அமைதிக்குத் தள்ள முடிய வேண்டும் அல்லவா? 8-ல் தொடர்ந்து துடிக்க விட்டு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே பல நேரங்களில், பல அளவுகளில் சின்னச் சின்னத் தூண்டல்களைக் கொடுத்தேன். பெரும்பாலானவை அடுத்த துடிப்பைச் சற்று முன்னே தள்ளின அல்லது பின்னே தள்ளின. ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும், சரியான அளவில் கொடுத்தபோது, அடுத்த துடிப்பு எழவில்லை. கோடு மேலும் கீழுமாகச் சிறிது அலைந்து, அலை சுருங்கிச் சுருங்கி, ஓய்ந்து நின்றது. 8 மைக்ரோஆம்பியர் அப்போதும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது.